செவலையின் கழுத்துப் பட்டை

டிராம்பே
மும்பை, 8 பிப்ரவரி 2026, ஞாயிறு

டாக்டர் ஃபர்ஸானா அவர்களுக்கு,

என் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபத்தொரு வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது. மடி பிடித்துப் பழகிய விரல்கள் பேனாவையும் கறக்கப் பார்க்கின்றன. வரி மேலே ஏறுகிறது, கீழே இறங்குகிறது. ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் ஆகிவிட்டது. இருந்தாலும் ஒவ்வொரு சொல்லும் உங்களுக்கு விளங்க வேண்டும். ஏனென்றால் உங்களைத் திட்டுவதற்காகத்தான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டீர்கள். இதை அப்படி நடுவில் வைக்க முடியாது. கிழிக்க வேண்டுமென்றாலும் படித்துவிட்டுத்தான் கிழிக்க வேண்டும்.

என்னை உங்களுக்கு நினைவிருக்குமோ என்னவோ. தங்கமயில் அண்ணாச்சியின் மாட்டுக் கொட்டிலில், இந்த ஊர்ப் பேச்சில் தபேலாவில், முப்பத்து நான்கு வருடமாக மாடு பார்க்கும் ராஜபாண்டி. பதினெட்டுப் பசு. போன வருடம் சித்திரையில் நீங்கள் நெருளிலிருந்து வந்து பதினெட்டின் கழுத்திலும் கறுப்புப் பட்டை கட்டினீர்கள். மாடு எத்தனை நிமிடம் அசை போட்டது, எத்தனை முறை எழுந்து படுத்தது, பருவத்துக்கு வந்ததா என்று பட்டையில் இருக்கும் பெட்டி கணக்கெடுக்கும், போனில் தமிழில் செய்தி வரும் என்றீர்கள். வந்தது. எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அண்ணாச்சியின் மகன் ரமேஷ்குமாரிடம் போனைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். அவன் பல் விளக்கிக்கொண்டே வாசிப்பான். என் மாட்டுக்கு என்ன என்று அவன் வாயிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த ரோஷத்தில்தான் சீத்தா கேம்ப்பில் பிரபாவதி டீச்சர் மதியம் நடத்தும் வகுப்பில் சேர்ந்தேன். வீட்டு வேலைக்குப் போகும் பன்னிரண்டு பெண்கள், நான் ஒருவன். இப்போது பஸ்ஸின் பலகையில் தமிழ் இல்லையே என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவ்வளவு ஆசை வந்துவிட்டது.

அப்படி நானே எழுத்துக் கூட்டிப் படித்த முதல் முழுச் செய்தி எது தெரியுமா? "செவலை: சினை நிற்கவில்லை. மூன்றாவது முறை. கழிக்கலாம்."

அந்தச் செய்தியை வைத்து ரமேஷ்குமார் அவளை விற்றுவிட்டான். வியாழக்கிழமை டெம்போ வந்தது. கல்யாணுக்கு அப்பால் யாரோ பண்ணைக்காரர். நான் குறுக்கே நின்றேன்.

"தாத்தா, ஆப்புல செகப்பா லால் பத்தி எரியுது. அவ்ளோதான், ஹட்டோ, வழிய விடுங்க" என்றான்.

"லே, லால் பத்தி ஒன் தலையில எரியட்டும். அவ சினையா இருக்கா. நான் சொல்லுதேன்" என்றேன்.

"நீங்க சொன்னா? மிஷின் சொல்லுதே."

பட்டையைக்கூடக் கழற்றாமல் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன்தான் "பட்டை, பட்டை" என்று டெம்போவின் பின்னால் ஓடினான். அவனுக்கு அது மட்டும் ஞாபகம் வந்தது.

செவலை நல்ல குணமுள்ள மாடு இல்லை. என் முன்பல் இரண்டு அவள் உதைத்துப் போனவைதான். அவளை நான் கொஞ்சுவதற்குக் கேட்கவில்லை. நவம்பர் ஐந்தாம் தேதி சினை ஊசி போட்டோம். அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் கத்தவில்லை, வேறு மாட்டின் மேல் ஏறவில்லை, முகத்தில் ஓர் அமைதி வந்தது. அவள் சினைதான். நீங்கள் மாட்டு டாக்டர்தானே? கை விட்டுச் சினை பார்த்தீர்களா? நெருளில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு டிராம்பேயில் இருக்கும் மாட்டின் வயிற்றைக் கழித்துவிட்டீர்கள்.

அவளைத் திரும்பக் கொண்டுவாருங்கள். எனக்குப் பதில் எழுத்தில் வேண்டும். நானே படிப்பேன்.

இப்படிக்கு,
கோபத்துடன்
ச. ராஜபாண்டி

---

நெருள்
12 பிப்ரவரி 2026

பெரியவர் ராஜபாண்டி அவர்களுக்கு,

வணக்கம். நான் தாராவியில் கார்ப்பரேஷன் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்தவள். பிறகு தமிழில் எழுதவே இல்லை. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கிழிக்கவில்லை.

நான் போனை வைத்தது நீங்கள் என்னை "நாற்காலி டாக்டர்" என்று சொன்னதால். வேறு மாதிரி நினைக்க வேண்டாம்.

இப்போது என் பக்கத்தைக் கேளுங்கள். ஊசி போட்ட பிறகு மூன்று சுற்று, அறுபத்து மூன்று நாள், செவலையின் பட்டை பருவம் காட்டவில்லை. நானும் சினை என்றுதான் நினைத்தேன். ஜனவரி இருபத்து நான்காம் தேதி காலையில் அவளுடைய நடை ஒரே நாளில் மூன்று மடங்கு ஆனது. அசை போடுவது பாதியாகக் குறைந்தது. பதினாறு மணி நேரம் அப்படியே இருந்தது. இது பருவம். வேறு எதுவும் இல்லை. கரு கலைந்துவிட்டது என்று அர்த்தம். இதற்கு முன்பும் இரண்டு முறை சினை நிற்கவில்லை. இப்படிப்பட்ட மாட்டை வைத்திருக்க வேண்டாம் என்று நான் நாற்பத்து மூன்று தபேலாக்களுக்கும் சொல்வதைத்தான் அண்ணாச்சிக்கும் சொன்னேன்.

"முகத்தில் அமைதி" என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியவரே, நான் மாட்டு டாக்டருக்குப் படிக்கும்போது எந்தத் தபேலாவுக்குப் போனாலும் ஆண்கள் இதைத்தான் சொல்வார்கள். "நீ போ மகளே, எங்களுக்குத் தெரியும்." மாட்டின் கண்ணைப் பார்த்தால் தெரியும், சாணியை முகர்ந்தால் தெரியும். தெரியும் தெரியும் என்றே மடிநோயில் எத்தனை மாடு போனது என்று நான் பார்த்திருக்கிறேன். உங்கள் தபேலாவிலேயே போன ஆடியில் கொண்டைச்சிக்கு மடிநோய் வருவதை இரண்டு நாள் முன்பே பட்டை சொன்னது. உங்களுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு மிஷின் நல்ல மிஷின். இன்றைக்கு உங்களுக்குப் பிடித்த மாட்டைப் பற்றிச் சொன்னால் கெட்ட மிஷினா?

கை விட்டுப் பார்க்கவில்லை. உண்மை. அந்த வாரம் பாண்டுப்பில் ஒரு தபேலாவில் காய்ச்சல் பரவி நான்கு நாள் அங்கேயே இருந்தேன். பட்டை தெளிவாகச் சொன்னதால் வரவில்லை.

மாடு விற்றது அண்ணாச்சியின் முடிவு. திரும்பக் கொண்டுவருவது என் வேலை இல்லை.

ஃபர்ஸானா

---

டிராம்பே
16 பிப்ரவரி 2026, திங்கள்

டாக்டர் ஃபர்ஸானா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வகுப்பில் எல்லோர் முன்னாலும் நானே சத்தமாகப் படித்தேன். எனக்கு வந்த முதல் கடிதம். அதிலும் ஒரு டாக்டர் எழுதியது. அந்தப் பெண்கள் கை தட்டினார்கள். இரண்டாவது பக்கத்தில் நீங்கள் என்னைத் திட்டிய இடம் வந்ததும் இன்னும் பலமாகத் தட்டினார்கள். அந்தச் சந்தோஷம் என்னோடு இருக்கட்டும். கோபம் உங்களுக்கு.

பட்டை தெளிவாகச் சொன்னது என்றீர்கள் அல்லவா? சனிக்கிழமை நடந்ததைக் கேளுங்கள்.

செவலையைக் கொண்டுபோன டெம்போக்காரன் பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். ரமேஷ்குமார் அதைத் தவிட்டு அறை ஆணியில் மாட்டினான். சாயங்காலக் கறவைக்கு உட்கார்ந்திருக்கிறேன், எல்லோர் போனும் சேர்ந்து கத்துகிறது. நானே எடுத்துப் படித்தேன். "மயிலை: அசைவு இல்லை. அசை போடவில்லை. உயிருக்கு ஆபத்து. உடனே பார்க்கவும்."

நான் அப்போது யாரைக் கறந்துகொண்டிருந்தேன் தெரியுமா? மயிலையை. என் தோளில் வாலால் அடித்துக்கொண்டு, புண்ணாக்குத் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறாள்.

ரமேஷ்குமார் மூச்சிரைக்க ஓடிவருகிறான். "தாத்தா, மயிலை போயிட்டா?"

"போயிட்டா. இன்னா பாரு, போன பொறவும் ஏழு லிட்டர் குடுத்துட்டுப் போயிருக்கா" என்றேன்.

மாட்டுக்கு ஊசி போடுகிறவனுக்கும் ரமேஷ்குமார் போன் செய்துவிட்டதால் அவனும் வந்துவிட்டான். வந்ததற்கு ஒரு ஊசி போட்டுத்தான் போவேன் என்றான். நான் பால் வாளியைக் கையில் எடுத்ததும் போய்விட்டான்.

அதற்கு முன்னால் ஒன்பது நாளாக மயிலைக்கு "தகவல் இல்லை" என்று வந்துகொண்டிருந்தது. பாட்டரி போயிருக்கும் என்று ரமேஷ்குமார் சொன்னான். தகவல் இல்லாத மாடு அத்தனை நாளும் என் முன்னால் நின்று தின்றுகொண்டிருந்தது.

இதுதான் உங்கள் மிஷின். உயிரோடு நிற்கும் மயிலையைச் செத்துவிட்டாள் என்கிறது. சினையாக இருந்த செவலையை மலடி என்றது. நான் படிக்காதவனாக இருந்தபோது என் சொல் எடுபடவில்லை, அதுகூடப் பரவாயில்லை. இப்போது எனக்கு எழுத்து தெரியும். எழுதிக் கேட்கிறேன். ஒரு மாட்டைச் சாகடித்ததற்கும் ஒரு மாட்டை நாடு கடத்தியதற்கும் உங்கள் பதில் என்ன?

ச. ராஜபாண்டி

---

நெருள்
19 பிப்ரவரி 2026

பெரியவர் ராஜபாண்டி அவர்களுக்கு,

நோன்பு ஆரம்பித்திருக்கிறது. கோபப்படக் கூடாது. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

செவலை தபேலாவை விட்டுப் போனது பிப்ரவரி ஐந்து, பகல் பதினொன்றரை. ரமேஷ்குமார் எனக்கு அனுப்பிய டெம்போப் படத்தில் அந்த நேரம் இருக்கிறது. மயிலையின் தகவல் நின்றது அதே நாள், பதினொன்று நாற்பது. தபேலாவில் நாங்கள் வைத்திருக்கும் கருவியின் எல்லைக்குள் பட்டை இருந்தால்தான் தகவல் வரும். செவலையின் கழுத்திலிருந்த பட்டை திரும்பி வந்து ஆணியில் தொங்கியதும் மயிலை அசையவில்லை என்று செய்தி வந்தது. ஆணி அசை போடாது.

இன்னொன்று. விற்றுப்போன செவலையின் எண்ணை ரமேஷ்குமார் ஆப்பில் மறைத்துவிட்டான். நான் நேற்று அதைத் திறந்து பார்த்தேன். கல்யாணுக்கு அப்பால் இருக்கும் செவலை டிராம்பே தபேலாவில் தினமும் எட்டு மணி நேரம் அசை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

மிஷின் பொய் சொல்லவில்லை, பெரியவரே. ஒரு மாட்டைப் பற்றிய உண்மையை இன்னொரு மாட்டின் பெயரில் சொல்லியிருக்கிறது. ஒன்றோ இரண்டோ பட்டை இல்லை, எல்லாமே மாறியிருக்கின்றன. ஜனவரி நடுவில் ஒரே நாள் காலையில் பதினெட்டுப் பட்டையும் நான்கு மணி நேரம் அசையாமல் கிடந்திருக்கின்றன. நெட்வொர்க் கோளாறு என்று அன்றைக்கு விட்டுவிட்டேன்.

மூன்று கேள்வி. பட்டைகளைக் கழற்றியது யார்? எதற்காக? யார் கழுத்தில் யாருடையதைத் திரும்பக் கட்டினீர்கள்?

ஒரு மாதமாக நான் பார்த்த ஒவ்வொரு எண்ணும் குப்பை. பிப்ரவரி ஒன்றாம் தேதி காய்ச்சல் ஊசி போடச் சொன்னேனே கொண்டைச்சிக்கு, அவளுக்குக் காய்ச்சலே இருந்திருக்காது. உண்மையில் காய்ச்சலில் கிடந்த மாடு எது என்று இப்போதும் எனக்குத் தெரியாது. இதற்கு மேல் எழுதினால் நோன்பு முறிந்துவிடும் போலிருக்கிறது.

ஃபர்ஸானா

---

டிராம்பே
24 பிப்ரவரி 2026, செவ்வாய்

டாக்டர் ஃபர்ஸானா அவர்களுக்கு,

உங்கள் மூன்று கேள்விக்கும் பதில் எழுதுகிறேன். இதை நான்கு நாளாக எழுதுகிறேன். மேல் பாதியில் இருக்கும் ராஜபாண்டி வேறு, கீழ்ப் பாதியில் இருப்பவன் வேறு. அடித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று பார்த்தேன். காகிதத்தைப் பற்றிக் கவலை இல்லை. நடந்தது நடந்தபடி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பட்டைகளைக் கழற்றியது நான். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. அன்றைக்கு மாட்டுப் பொங்கல். அன்று பழைய கயிற்றை அறுத்துப் புதுக்கயிறு போட வேண்டும். பழைய கயிறோடு எந்த மாடாவது பொங்கல் சோறு தின்னுமா? காலையிலேயே பதினெட்டையும் குளிப்பாட்டினேன். கொம்புக்கு வண்ணம் அடித்தேன். பட்டையில் சாணி அப்பிக் கிடந்தது. கயிறு புதிதாக இருக்கும்போது பட்டை மட்டும் அழுக்காக இருந்தால் நன்றாகவா இருக்கும்? எல்லாவற்றையும் கழற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் கொடியில் காயப் போட்டேன். காய்ந்ததும் ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் வைத்து, குங்குமம் வைத்துத் திரும்பக் கட்டினேன். இவ்வளவு மரியாதையை உங்கள் கம்பெனிக்காரர்கள்கூட அந்தப் பட்டைக்குச் செய்திருக்க மாட்டார்கள்.

யார் கழுத்தில் யாருடையதைக் கட்டினேன் என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் ஒரே கறுப்பு. எது கைக்கு வந்ததோ அதை.

தொடக்கத்து வரிகளைக் கடைசியில் சேர்த்தேன், மற்றதெல்லாம் இதுவரை சனிக்கிழமை எழுதியது. இதை எழுதிவிட்டு, உங்களுக்கு நல்ல பதில் கொடுத்துவிட்டேன் என்ற நினைப்பில் கறவைக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை. வெள்ளச்சியைக் கறந்துகொண்டிருந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. பொங்கல் கழிந்து எட்டாம் நாள், நீங்கள் எழுதிய அந்த ஜனவரி இருபத்து நான்காம் தேதி, வெள்ளச்சி விடிந்ததிலிருந்து கத்தினாள். கட்டிய இடத்தில் நிற்கவில்லை. பக்கத்து மாட்டின் மேல் ஏறினாள். நான் அவளைத் தனியாகக் கட்டினேன். பருவத்துக்கு வந்திருக்கிறாள், போனில் செய்தி வரும் என்று காத்திருந்தேன். செய்தி வெள்ளச்சிக்கு வரவில்லை. செவலைக்கு வந்தது.

வாளியைக் கீழே வைத்துவிட்டேன். மிச்சக் கறவையை அன்றைக்கு வேறு ஆள் கறந்தான்.

திங்கட்கிழமை. ஒன்றும் எழுதவில்லை.

இன்று செவ்வாய். நீங்கள் பட்டை கட்ட வந்த அன்று நான் கேட்டேன், "அம்மா, இந்தப் பெட்டிக்கு மாடு அடையாளம் தெரியுமா?" நீங்கள் சொன்னீர்கள், "ஒரு வாரத்துல அதுவே மாட்டைத் தெரிஞ்சுக்கும் பெரியவரே." நான் அதை நம்பினேன். நம்மைப் போலத்தான் என்று நினைத்தேன். நான் ஒரு வாரத்தில் ஒரு மாட்டைத் தெரிந்துகொண்டால், பிறகு அதன் கழுத்தில் யார் மணியைக் கட்டினாலும் எனக்கு மாறிப்போகாது. கழுத்தைத் தொட்டதும் யாருடையது என்று பெட்டிக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். பெட்டியின் அடியில் ஏதோ சின்னதாக எறும்பு வரிசை போல் எழுதியிருந்தது. தமிழ் இல்லை, அதனால் அது அழுக்கா எழுத்தா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அழுக்கென்று தேய்த்திருப்பேன்.

செவலையை விற்றது ரமேஷ்குமார் இல்லை, நீங்களும் இல்லை. பொங்கல் அன்று அவள் கழுத்தில் குங்குமம் வைத்துக் கட்டி அனுப்பியவன் நான். முப்பத்து நான்கு வருடம் மாடு பார்த்தவன்.

ஆனாலும் என் கோபத்தை உங்கள் மேலிருந்து முழுதாக எடுக்க முடியவில்லை. நான் பட்டையை மாற்றினேன், சரி. அவள் வயிற்றை நான் மாற்றவில்லை. டிராம்பேக்கு ஒரு பஸ் பிடித்து வந்து கை விட்டிருந்தால் என் முட்டாள்தனம் அன்றே வெளியே வந்திருக்கும். எனக்கு எழுத்து தெரியவில்லை. உங்களுக்கு எழுத்து மட்டும் போதும் என்று ஆகிவிட்டது. எது பெரிய குற்றம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தை அண்ணாச்சியிடம் காட்டுவதென்றால் காட்டலாம். என் கையெழுத்து போட்டிருக்கிறேன்.

ச. ராஜபாண்டி

---

நெருள்
2 மார்ச் 2026

பெரியவர் ராஜபாண்டி அவர்களுக்கு,

சனிக்கிழமை கல்யாண் வரை ரயிலில் போய், அங்கிருந்து இரண்டு ஜீப் மாறி அந்தப் பண்ணைக்குப் போனேன். விடியுமுன் ஸஹர் சோற்றுக்கு எழுந்தவள் அப்படியே கிளம்பிவிட்டேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்த வெயிலில் நடந்தது உங்கள் மேல் இருந்த கோபத்தில்தான். "எழுத்து மட்டும் போதும் என்று ஆகிவிட்டது." அந்த ஒரு வரியை வழி முழுவதும் உங்களைத் திட்டிக்கொண்டே நினைத்தேன்.

செவலை அங்கே இருக்கிறாள். இளைத்திருக்கிறாள், ஆனால் நலமாக இருக்கிறாள். கிட்டே போனதும் உதைத்தாள். முழங்காலுக்குக் கீழே இன்னும் நீலமாக இருக்கிறது.

தோள் வரை உறை போட்டுக் கை விட்டேன். இரண்டு நிமிடம் ஆகவில்லை. சினை. கிட்டத்தட்ட நான்கு மாதம். கன்று நன்றாக இருக்கிறது. நான் கையை வெளியே எடுப்பதற்குள் வாங்கியவர் கேட்டார், "காய் ஜாலம், டாக்டர்?" என்ன ஆயிற்று என்று.

சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் அவரிடமிருந்து மலட்டு மாடென்றே திரும்ப வாங்கியிருக்கலாம். ரயிலில் போகும்போது அதைத்தான் யோசித்திருந்தேன். ஆனால் அவர் பெண்டாட்டி செவலைக்கு வைத்தியம் பார்க்க எதையோ இடித்துக்கொண்டிருந்தார். சினை நிற்பதற்கு மருந்தாம். அதைக் கொடுத்தால் கன்று கலைந்துவிடலாம். சொல்லாமல் எப்படி இருப்பது? சொன்னதும் அவர் சிரித்தார். இனி எந்த விலைக்கும் தரமாட்டாராம். அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கு அதுவும் எரிச்சல்தான்.

நேற்று அண்ணாச்சியைப் பார்த்தேன். கை விட்டுப் பார்க்காமல் கழிக்கச் சொன்னது என் தவறு என்றேன். நாற்பது நிமிடம் திட்டினார். என் அத்தா தாராவிப் பட்டறையில் ஆட்களைத் திட்டுவதைக் கேட்டு வளர்ந்தவள் நான். இவர் அவரைவிடக் கெட்டி. பட்டை மாறியதைச் சொல்லவில்லை. பெட்டியில் கோளாறு, சரிசெய்துவிட்டேன் என்றேன். நீங்களும் வாயைத் திறக்க வேண்டாம். இந்த வயதில் உங்களை அனுப்பிவிட்டால் எங்கே போவீர்கள்? உங்கள் கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கும்.

ஒன்று மட்டும் செய்ய முடிந்தது. அந்தப் பண்ணை மாடுகளுக்கு ஒரு வருடம் நான் வந்து பார்ப்பதாகச் சொன்னேன். பதிலுக்குச் செவலை கழுத்தில் ஒரு பட்டை கட்டவும், தகவல் எடுக்கும் கருவி ஒன்றை அங்கே வைக்கவும் அவர் சம்மதித்தார். அவளுடைய செய்தி தினமும் உங்கள் போனுக்கு வரும். அது உங்களுக்காக என்று நினைக்க வேண்டாம். ஒரு முறை தவறவிட்ட மாட்டை நான் மறுபடி தவறவிட மாட்டேன்.

ஃபர்ஸானா

---

டிராம்பே
15 மார்ச் 2026, ஞாயிறு

டாக்டர் ஃபர்ஸானா அவர்களுக்கு,

எனக்காக நீங்கள் பொய் சொன்னதைப் படித்ததும் வந்த கோபம் இதுவரை வந்த எல்லாவற்றையும்விடப் பெரியது. உங்களை யார் கேட்டார்கள்? இத்தனை வருடம் என் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை. முதல் முறையாக நான் செய்த ஒன்றை நானே எழுதி, கீழே பெயரும் போட்டேன். அதை எடுத்து நீங்கள் பத்திரமாகப் பூட்டி வைக்கிறீர்கள். பூட்டி வைக்கவா நான் நான்கு நாள் எழுதினேன்?

அண்ணாச்சியிடம் நானே போனேன். பேசவில்லை. நடந்ததை எல்லாம் இன்னொரு முறை எழுதி எடுத்துப்போய் மேசையில் வைத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுப் படித்தார். பக்கத்தில் ரமேஷ்குமார் நின்றான். போனில் வரும் அச்சு எழுத்தைத்தான் அவன் படிப்பான், என் கோணல் எழுத்தை அவனால் படிக்க முடியவில்லை. "அப்பா, க்யா லிக்கா ஹை, என்ன எழுதிருக்கு?" என்று அவன் கேட்டது எனக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது என்று மறைக்க மாட்டேன்.

"என்னவே இது" என்றார் அண்ணாச்சி.

"நான் செஞ்சது அண்ணாச்சி."

"அந்தப் பிள்ள தன் தப்புன்னுச்சு. நீரு ஒம்ம தப்புங்கீரு. ரெண்டு பேரும் சேந்து எனக்கு ஒரு சினை மாட்ட இல்லாம ஆக்கிட்டீய."

"ஆமா அண்ணாச்சி."

"ஒம்ம அனுப்பிச்சிரட்டுமா?"

"அனுப்புங்க. ஆனா கொண்டைச்சி என் கைக்குத்தான் பால் விடுவா. அதுக்கு ஒரு ஆள் பாத்துக்கிடுங்க."

கண்ணாடியைக் கழற்றினார். "ஒமக்கு எழுத்து வந்ததுல இருந்து வாயும் வந்துட்டு வே. போதும், போயி மாட்டப் பாரும்" என்றார். அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அது அவரிடம் இருக்கட்டும். அதுதான் சரி.

நீங்கள் புதன்கிழமை வந்து பட்டைகளை எல்லாம் சரியான கழுத்தில் மாற்றிக் கட்டிவிட்டுப் போனீர்களாம். நான் அன்று தவிடு எடுக்கச் செம்பூர் போயிருந்தேன். பார்க்க வேண்டாம் என்றுதான் அந்த நேரத்தில் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நேரில் பார்த்தால் எனக்குத் திட்ட வராது. எழுத்தில்தான் வருகிறது.

நீங்கள் போன பிறகு நான் ஒரு வேலை செய்தேன். பொங்கலுக்குக் கொம்பில் அடித்த வண்ணம் மிச்சம் இருந்தது. பட்டைகளைக் கழற்றவில்லை, பயப்பட வேண்டாம். மாட்டின் கழுத்தில் இருக்கும்போதே ஒவ்வொன்றிலும் அதனதன் பெயரை எழுதினேன். மயிலை. வெள்ளச்சி. கொண்டைச்சி. பதினேழு பெயர். மாடு தலையை ஆட்டினால் எழுத்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறது, அதனால் கொண்டைச்சியின் சுழி கழுத்தைச் சுற்றிப் போயிருக்கிறது. கோணல்தான். ஆனால் எவன் கழற்றினாலும் இனி மாறிப்போகாது. பிரபாவதி டீச்சர் வந்து பார்த்துவிட்டு ஒரு பிழைகூட இல்லை என்றார்கள். உங்கள் பெட்டியின் அடியில் இருக்கும் எறும்பு எழுத்தை யார் எழுதியதோ, அவர்களிடம் சொல்லுங்கள். பெயரை மாட்டைக் கட்டுபவன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் எழுத வேண்டும்.

பதினெட்டாவது பட்டையின் செய்தி வந்துகொண்டிருக்கிறது. முதல் நாள், "செவலை: அசை 310 நிமிடம்." மிகவும் குறைவு. அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் 372. பிறகு 405. நேற்று 448. எந்தத் தீவனத்தைத் தின்று அசை போடுகிறாள், அது பட்டையில் வராது. அவளுக்குப் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு ஆகாது, வயிறு உப்பும். கடலைப் புண்ணாக்கு கொடுக்கச் சொல்லுங்கள். இடது பக்கமாக உட்கார்ந்து கறக்கச் சொல்லுங்கள், வலது பக்கம் உட்கார்ந்தால் பல் போகும். இவை எந்த எண்ணிலும் இல்லை, ஆகையால் தனிக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த வீட்டுப் பெண்ணுக்கு மராட்டியில் படித்துச் சொல்லுங்கள். கன்று ஆவணி பிறப்பதை ஒட்டி வரும். அன்றைக்கு நீங்கள் அங்கே இருக்க வேண்டும், நாற்காலியில் இல்லை.

உங்கள் மேல் கோபம் போகவில்லை. என் மேலும் போகவில்லை. இரண்டையும் ஒரே வாரத்தில் எழுதி முடிக்கக் கைக்குப் பலம் இல்லை. அடுத்த ஞாயிறு மிச்சத்தை எழுதுவேன், அதற்குள் உங்கள் பெருநாள் வந்து போயிருக்கும், வயிறார உண்டுவிட்டுப் படியுங்கள். நடுவில் செவலையின் அசை நானூறுக்குக் கீழே இறங்கினால் ஞாயிறு வரை பொறுக்க மாட்டேன். அன்றே எழுதுவேன்.

ச. ராஜபாண்டி